ஆர்க்காட்டு வெற்றியின் கடன் கணக்கு

1751 ஜூலையில் விருத்தாசலத்திலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சிறு கூட்டத்தைப் பாளையக்காரர் ஒருவரின் ஆட்கள் வழிமறித்தார்கள். காவலுக்கு வந்த 12 சிப்பாய்களில் 7 பேர் அங்கேயே விழுந்தார்கள். வெடிமருந்து தீர்ந்ததும் மிஞ்சியவர்களைக் கலைந்து ஓடச் சொல்லிவிட்டு, கூட்டத்திலிருந்த வெள்ளைக்காரர் இருவரும் குதிரையை முடுக்கித் தப்பினார்கள். ஒருவர் ராபர்ட் கிளைவ், அப்போது 25 வயது. மற்றவர் ஜார்ஜ் பிகட், கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்து சென்னை மாகாணத்தை நடத்திவந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கவுன்சிலின் உறுப்பினர். கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இதைச் சில வரிகளில் எழுதிவிட்டுத் திருச்சிராப்பள்ளிக்குப் போய்விடுகிறார். ஆனால் அந்த இருவருடைய பிற்கால வாழ்க்கையைத் தொடர்ந்து போனால், கர்நாடகப் போர்களில் வென்றவர் யார் என்ற கேள்விக்குப் பாடப்புத்தகம் தரும் விடை அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

விருத்தாசலம் இன்று ரயில் சந்திப்பு, செராமிக் தொழிற்பேட்டை, அகல் விளக்கு, பீங்கான் பொம்மை என்று அறியப்படும் ஊர். பழமலைநாதர் கோயிலைத் தேடி வருபவர்களுக்கு அது திருமுதுகுன்றம். அன்று அங்கே சண்டையிட்ட படைகளின் கண்ணில் பட்டதோ கோயிலைச் சுற்றிய உயரமான மதில்தான். 1751 கோடையில் தேவனாம்பட்டினத்திலிருந்து கிளம்பிய ஆங்கிலப் படை முதலில் பிடித்த இடம் அதுவே. மதிலேறத் தயாரானவுடன் உள்ளே இருந்தவர்கள் பணிந்துவிட்டார்கள். அடுத்து வாலிகொண்டபுரத்தில் அதே படை அடிவாங்கித் திருச்சிக்கு ஓடியது. கொள்ளிடத்துக்கு வடக்கே நவாப் முகமது அலியின் பெயரைச் சொல்ல விருத்தாசலம் கோயில் மட்டும்தான் மிச்சம் என்ற நிலை வந்தது. அதையும் பாளையக்காரர் படை சுற்றிக்கொண்டபோது, முற்றுகையை விலக்கித் திருச்சிக்குப் படையும் பொருளும் அனுப்பிவைக்க வந்தவர்கள்தான் பிகட்டும் கிளைவும். திருவதிகை, சிதம்பரம், திருவரங்கம் எல்லாமே இந்தப் போர்களில் பாசறைகளாயின. ஊரில் கல்மதில் இருந்ததே ஊருக்கு வினையானது.

இது யாருடைய போர்? பிரான்சும் இங்கிலாந்தும் 1748இலேயே எய்-லா-ஷப்பேலில் சமாதானம் செய்துகொண்டுவிட்டன. 1746இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னையை ஆங்கிலேயருக்குத் திருப்பித் தரவும், வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்த லூயிபூர் கோட்டையைப் பிரான்சுக்குத் திருப்பித் தரவும் அதில் ஏற்பாடாயிற்று. சென்னைக்கும் லூயிபூருக்கும் ஒரே தராசு! ஆகவே 1749க்குப் பிறகு இங்கே நடந்த சண்டையில் இரண்டு கம்பெனிகளும் சட்டப்படி எதிரிகள் அல்ல. ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக் கம்பெனி துணைப்படை, முகமது அலிக்கு ஆங்கிலக் கம்பெனி துணைப்படை, அவ்வளவுதான்.

இந்தத் துணைப்படை வியாபாரத்துக்கு வழி திறந்தது 1746 அக்டோபரில் நடந்த அடையாற்றுச் சண்டை. அப்போதைய ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கான் கொண்டுவந்த பெரும் படையை, பாரடி என்பவர் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட பிரெஞ்சுப் படை சிதறடித்தது. அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி இந்நாட்டுச் சிப்பாய்கள். பயிற்சி பெற்ற சிறு படையை வாடகைக்கு விட்டு அரியணையை விலைபேசலாம் என்பதைப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே கண்டுகொண்டார். ஆங்கிலேயரும் பின்தங்கவில்லை. 1749இல் தஞ்சை அரியணையை மீட்டுத் தருவதாக ஷாஜியை அழைத்துக்கொண்டு போனவர்கள், கொள்ளிட முகத்துவாரத்தில் தேவிக்கோட்டை கைக்கு வந்ததும் எதிராளியான பிரதாப சிங்கோடு உடன்பாடு செய்துகொண்டார்கள். ஷாஜிக்கு மிஞ்சியது ஓர் உதவித்தொகை. அந்நியர் போரில் முதலில் கைவிடப்படுபவர், யாருக்காகப் போர் என்று சொல்லப்பட்டதோ அவர்தான் என்பதற்குக் கர்நாடகத்தில் கிடைக்கும் முதல் சான்று இது.

தோற்றவர்களின் பட்டியலைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சந்தா சாகிபு 1752இல் தஞ்சைத் தளபதி மானாஜியை நம்பிச் சரணடைந்து தலையை இழந்தார். டூப்ளே 1754இல் திருப்பி அழைக்கப்பட்டார்; போருக்குத் தன் கைப்பணத்தைப் போட்டதாகச் சொல்லிக் கம்பெனியோடு வழக்காடியே 1763இல் வறுமையில் இறந்தார். 1758இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைத் தகர்த்த பிரெஞ்சுத் தளபதி லாலி, 1760இல் வந்தவாசியில் தோற்று, 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரியை ஒப்படைத்தார். பாரிஸில் 1766இல் அவர் தலை வெட்டப்பட்டது. கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதிய, பிரெஞ்சுக்காரரின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரி விழுவதற்கு நான்கு நாள் முன்பு கண்மூடினார். பிறகு ஆங்கிலேயர் அந்த ஊரைத் தரைமட்டமாக்கியதை அவர் எழுத வேண்டியிருக்கவில்லை.

வென்றவர்களின் கதைதான் நின்று பார்க்க வேண்டியது.

1763 பாரிஸ் உடன்படிக்கை முகமது அலியைக் கர்நாடகத்தின் சட்டபூர்வ நவாபாக ஏற்றது. ஆர்க்காட்டில் யார் ஆள்வது என்று ஐரோப்பாவில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். காகிதத்தில் இதைவிடப் பெரிய வெற்றி ஒரு நவாபுக்குக் கிடைத்திருக்க முடியாது. ஆனால் அவருக்காகச் சண்டையிட்ட கம்பெனி அந்தச் செலவை அவர் பெயரிலேயே எழுதிவைத்திருந்தது. அதை அடைக்க, கம்பெனியின் ஊழியர்களிடமே அவர் தனிப்பட்ட முறையில் நூற்றுக்கு 20, 25, அதற்கும் மேல் வட்டிக்கு வாங்கினார். ஈடாக மாவட்டங்களின் நிலவரி வசூல் எழுதிக்கொடுக்கப்பட்டது. வரி கட்ட முடியாத குடியானவர், விளைச்சலின் மேல் முன்பணம் தரும் சாகுகாரிடம் போனார். நவாபின் சேப்பாக்கத்து அரண்மனையில் ஏறிய வட்டி, கதிர் முற்றுமுன்பே வயலில் வசூலானது.

பிகட் இங்கேதான் மறுபடி வருகிறார். விருத்தாசலம் சாலையில் யாருக்காக உயிரைப் பணயம் வைத்தாரோ, அந்த நவாபின் கடன்தான் அவருக்கு எமனாக வந்தது. 1773இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டார். அதைத் திருப்பித் தரும்படி லண்டன் இட்ட ஆணையோடு, இரண்டாம் முறை ஆளுநராக வந்த பிகட், 1776 ஏப்ரலில் தஞ்சை மன்னர் துளஜாஜியை மறுபடி அரியணையில் அமர்த்தினார். உடனே பால் பென்பீல்டு என்ற கம்பெனி ஊழியர், தஞ்சை வருவாயிலிருந்து தனக்கு 2,34,000 பவுன் வர வேண்டும் என்று கணக்கை நீட்டினார். சில நூறு பவுன் சம்பளக்காரரிடம் அவ்வளவு பணம் ஏது என்று கேட்பதற்குக் கவுன்சிலில் பெரும்பான்மை இல்லை. உறுப்பினர் பலரும் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் பக்கமே நின்றார்கள். ஆகஸ்ட் 24 அன்று சென்னை ஆளுநரைச் சென்னைக் கவுன்சிலே கைது செய்தது. 1777 மே 11 அன்று பிகட் காவலிலேயே இறந்தார். அவரைப் பதவியில் அமர்த்தச் சொன்ன லண்டன் உத்தரவு அதன் பிறகே வந்து சேர்ந்தது. கைது செய்தவர்களில் நால்வருக்கு இங்கிலாந்து நீதிமன்றம் விதித்த தண்டனை, ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம்.

கிளைவ் அதற்கு முன்பே போய்விட்டார். ஆர்க்காட்டையும் பிளாசியையும் வென்றவரை 1772–73இல் நாடாளுமன்றம் துருவித் துருவி விசாரித்தது. கடைசியில் நாட்டுக்குச் சேவை செய்தவர் என்றும் சொன்னது. 1774 நவம்பரில் லண்டன் வீட்டில் தன் கையாலேயே உயிரை முடித்துக்கொண்டார். அதைப் போரின் கணக்கில் முழுவதும் ஏற்றுவது நியாயமில்லை. உடல்நோயும் மனச்சோர்வும் அவருக்கு இளமையிலிருந்தே உண்டு.

நவாபுக்காகப் போரிட்டு உயர்ந்த இந்நாட்டார் கதியும் வேறாக இல்லை. கம்பெனிச் சிப்பாய்களின் தளபதியாகப் புகழ்பெற்ற யூசுப் கான் என்ற மருதநாயகம் மதுரையில் தனியாட்சிக்கு முனைந்தார். 1764 அக்டோபர் 15 அன்று அவரைத் தூக்கிலிட்டது அவர் வெற்றி தேடித்தந்த அதே தரப்பு.

ஆனாலும் ஆங்கிலேயர் வெல்லவில்லையா? 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்கு வந்தது. அவர்கள் கொடி 1947 வரை பறந்தது. இதை மறுத்து எழுதுவது வீம்பு. ஆனால் 1749இல் போருக்குள் இறங்கிய கம்பெனியின் நோக்கம் கடலூர்த் துணியை லாபத்துக்கு விற்பது. அந்தக் கம்பெனி 1773இல் 14 லட்சம் பவுன் அரசுக் கடன் வாங்கி, ஒழுங்குமுறைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. 1784இல் அதன் மேல் அரசின் மேற்பார்வை வாரியம் வந்தது. 1833இல் வியாபாரமே பறிபோனது. நாடு பிடித்தவர்கள் கடையை இழந்தார்கள். தோற்ற பிரான்சோ புதுச்சேரியை மறுபடி மறுபடி இழந்து, மறுபடி மறுபடி வாங்கி, 1954 நவம்பர் 1 வரை, அதாவது ஆங்கிலேயர் போய் ஏழு ஆண்டு கழித்தும், அங்கேயே இருந்தது.

வீணாகச் சிந்திய ரத்தம் என்று ஒரு நாளைச் சொல்ல வேண்டுமானால் அது விருத்தாசலம் இருக்கும் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1783 ஜூன் 13 அன்று கடலூரில் ஜெனரல் ஸ்டுவர்ட்டின் படையும் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் மோதின. ஒரு வாரம் கழித்துக் கடலிலும் சண்டை நடந்தது. பிரிட்டனும் பிரான்சும் சமாதான முன்னுடன்பாட்டில் கையெழுத்திட்டதோ ஜனவரி 20. செய்தி கப்பலில் வந்துகொண்டிருந்தது.

கடன் கணக்கு மட்டும் சமாதானத்தோடு முடியவில்லை. 1784இல் லண்டன் மேற்பார்வை வாரியம் நவாபின் கடன்களை விசாரிக்காமலே ஏற்று, கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் கடன்காரர்களுக்கு ஒதுக்கியது. எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் பொரிந்து தள்ளியும் பயனில்லை. முகமது அலி 1795இல் இறந்தார். புதிய கடன் பத்திரங்கள் கிளம்பிக்கொண்டே இருந்ததால் விசாரணைக்கு ஆணையம் போட்டார்கள். 3 கோடி பவுனுக்கு மேல் உரிமை கோரப்பட்டது. உண்மை என்று தேறியது சுமார் 27 லட்சம். பென்பீல்டு அதற்குள் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு 1810இல் பாரிஸில் ஏழையாக இறந்திருந்தார். ஆணையத்தின் வேலை 1830 வரை நீண்டது. தேறிய கடனைத் தென்னார்க்காடும் சேர்ந்த பழைய நவாப் சீமையின் வரிப்பணம் தீர்த்தது. விருத்தாசலத்து வயல்களும் அந்த வரி கட்டியவைதான்.