பேசுவோரும் கேட்போரும்: அமெரிக்கக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஞான ஒடுக்கத்தில் பதின்பருவத்தினர்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகள் தம் மாணவருக்கு நடத்தும் ஞான ஒடுக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தன் வடிவத்தைப் பெரிதும் மாற்றிக்கொண்டது. அம்மாற்றத்தை அச்சத்திலிருந்து அன்பை நோக்கிய நகர்வாக விளக்குவது வழக்கம். ஒடுக்கத்தில் யார் பேசினர், யார் கேட்டனர், பேசப்பட்ட சொல் யாருடைய காவலில் இருந்தது என்னும் வினாக்களின்வழி அம்மாற்றத்தை மறுபரிசீலனை செய்கிறது இக்கட்டுரை.

திறவுச்சொற்கள்: ஞான ஒடுக்கம், இஞ்ஞாசியார், குர்சில்லோ, கைராஸ், பதின்பருவம், ஒப்புரவு, மௌனம்

முன்னுரை

பள்ளி மாணவர் சில நாள்கள் அன்றாடப் பாடங்களிலிருந்து விலகி, பெரும்பாலும் ஊருக்கு வெளியே உள்ள ஓர் இல்லத்தில் தங்கி, செபத்திலும் சிந்தனையிலும் ஈடுபடுவதைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'ஞான ஒடுக்கம்' என்பர். 'தியானம்' என்றும் வழங்குவர். 'ஒடுக்கம்' என்னும் சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. ஒடுங்குதல் தன்வினை, ஒடுக்குதல் பிறவினை. இரண்டுக்கும் பெயர்ச்சொல்லாக ஒடுக்கம் ஒன்றே நிற்கிறது. 16 வயது மாணவன் அங்கே தானே ஒடுங்குகிறானா, பிறரால் ஒடுக்கப்படுகிறானா என்பதைச் சொல்லை வைத்து மட்டும் முடிவு செய்ய இயலாது. இக்கட்டுரையின் சிக்கலும் ஏறத்தாழ அதுவே.

ஆய்வுக்களம் அமெரிக்க ஐக்கிய நாடு. ஆயினும், இன்று அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலாக நடைபெறும் 'கைராஸ்' என்னும் ஒடுக்கத்தைப் புரிந்துகொள்ள அதன் ஐரோப்பிய வேர்கள் இரண்டைத் தொட்டாக வேண்டும். ஒன்று, இயேசு சபையினரின் மௌன ஒடுக்கம். மற்றொன்று, மயோர்க்காத் தீவில் தோன்றிய குர்சில்லோ இயக்கம்.

சான்றுகளைப் பற்றியும் தொடக்கத்திலேயே ஒன்று கூற வேண்டும். ஒடுக்கம் நடத்தியோர் கையேடுகளையும் மறையுரைகளையும் விட்டுச் சென்றனர். அதில் கலந்துகொண்ட பதின்பருவத்தினர் அவ்வாறு எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர்களது அனுபவம் நமக்குக் கிட்டுவது பெரும்பாலும் வளர்ந்த பின் எழுதிய நினைவுகளிலும் புனைவுகளிலும்தான். வளர்ந்தவர் தம் இளமையைப் பழிப்பதும் உண்டு, மெருகேற்றுவதும் உண்டு.

இஞ்ஞாசியாரின் எச்சரிக்கைகள்

இலொயோலா இஞ்ஞாசியார் 1521இல் பம்பலோனா போரில் காலில் காயமுற்றார். அடுத்த ஆண்டு மன்ரேசாவில் தங்கித் தவமிருந்தார். அங்கு முளைவிட்ட 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் அளித்தார். இயேசு சபையினர் மெசீனா நகரில் பள்ளி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். நூலும் பள்ளியும் ஓராண்டில் அமைந்தது தற்செயலே. ஆயினும் பின்வந்த நூற்றாண்டுகளில் இரண்டும் பிரியாமல் சேர்ந்தே பயணித்தன.

அந்நூல் ஒடுக்கத்தில் ஈடுபடுவோர் படிப்பதற்கென எழுதப்பட்டதன்று. பயிற்சி அளிப்பவருக்கான கையேடு. அதன் தொடக்கத்தில் உள்ள 20 முற்குறிப்புகளை வரலாற்றாய்வாளர் ஊன்றிப் படிக்க வேண்டும். ஆறுதலிலும் உருக்கத்திலும் திளைப்பவர் அவசரப்பட்டு வாக்குறுதியோ நேர்ச்சையோ செய்துவிடாதவாறு பயிற்சியாளர் எச்சரிக்க வேண்டும் என்கிறது 14ஆம் குறிப்பு. எந்த வாழ்க்கை நிலையையும் நோக்கி அவரை உந்தலாகாது. படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேருக்கு நேர் உறவாட விட்டு, துலாக்கோலின் நடுமுள்போல் நிற்க வேண்டும் என்கிறது 15ஆம் குறிப்பு. 17ஆம் குறிப்பு இன்னும் கூர்மையானது. உள்ளத்தில் எழும் பலவகை அசைவுகளைப் பயிற்சியாளர் அறிந்திருப்பது பயனுள்ளது. ஆனால் ஒருவரின் சொந்த எண்ணங்களையும் பாவங்களையும் துருவி அறிய அவர் விரும்பலாகாது.

உருக்கத்தை எழுப்பும் கருவியைச் செய்தவரே அதற்குக் கடிவாளமும் செய்து வைத்தார் என்று கொள்ளலாம். இவை யாவும் ஒருவருக்கு ஒருவர் என்னும் முறையில் நிகழ்ந்த பயிற்சிக்கு உரியவை. நூறு மாணவர் கூடிய சிற்றாலயத்தில் இவற்றைக் கடைப்பிடிப்பது எளிதன்று. பள்ளிக்குள் வந்த ஒடுக்கம் கருவியைக் கைக்கொண்டு கடிவாளத்தைத் தளரவிட்டதைக் காட்டும் சான்று ஒன்று டப்ளின் நகரிலிருந்து கிடைக்கிறது.

சர்ச் தெருவுக்கு நடந்த சிறுவன்

ஜேம்ஸ் ஜாய்ஸ் 1893 முதல் 1898 வரை டப்ளினில் இயேசு சபையினரின் பெல்வெடியர் கல்லூரியில் பயின்றவர். 1916இல் நூலாக வெளிவந்த அவரது 'இளங்கலைஞனின் உருவச்சித்திரம்' புதினத்தின் மூன்றாம் இயல், அப்பள்ளி ஒடுக்கம் ஒன்றைச் சுற்றி அமைகிறது. புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாளை முன்னிட்ட ஒடுக்கம் அது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவரிடையே பணியாற்றிய அதே சவேரியார்தாம். அவர் கீழ்த்திசையில் ஆயிரக்கணக்கானோரை மனந்திருப்பிய செய்தி, டப்ளின் சிறுவர்களை ஒடுக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் உரையில் இடம்பெறுகிறது. நம் தென்கடற்கரை அங்கே பெயரின்றி வந்துபோகிறது.

சாவு, தீர்ப்பு, நரகம் என மறையுரைகள் தொடர்கின்றன. நரகத்தை ஐம்புலன்களாலும் உணரச் செய்யும் பயிற்சி இஞ்ஞாசியாரின் நூலில் முதல் வாரத்தில் உள்ளதே. அங்கே அது சில வரிகளில் முடிகிறது. புதினத்திலோ பக்கம் பக்கமாக விரிகிறது. அவ்விரிவின் மூலம், இத்தாலிய இயேசு சபைத் துறவி பினமோந்தி 17ஆம் நூற்றாண்டில் எழுதிய நரகத்தைப் பற்றிய நூல் என்பதை ஜேம்ஸ் த்ரேன் 1960இல் நிறுவினார். ஆகவே ஜாய்ஸின் கற்பனை மிகைப்படுத்தியது என்று இம்மறையுரையை ஒதுக்கிவிட இயலாது. இரு நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த சரக்கு அது.

ஆய்வாளர் பெரிதும் பேசுவது அந்த நரகத்தைத்தான். இக்கட்டுரைக்கு அதனினும் முக்கியமானது அதன்பின் நிகழ்வது. குற்றவுணர்வால் நிலைகுலைந்த ஸ்டீபன் தன் பள்ளியின் சிற்றாலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. நகரத் தெருக்களில் அலைந்து, சர்ச் தெருவிலுள்ள ஆலயத்துக்குச் சென்று, தன்னை அறியாத ஒரு கப்புச்சின் முதியவரிடம் தன் பாவங்களைச் சொல்கிறான். வயது கேட்கப்படுகிறது, 16 என்கிறான்.

பள்ளி அவனைக் கேட்குமிடத்தில் இருத்தியது, பேசும்படி கட்டாயப்படுத்தவில்லை. அவன் மௌனமே அவனுக்கு ஒரு மறைவிடமாயிற்று. தன் சொல்லை எங்கே, யாரிடம் ஒப்படைப்பது என்பதை அவனே தேர்ந்தான். ஒப்படைத்த சொல்லோ திருச்சபைச் சட்டத்தின் முத்திரைக்குள் அடைபட்டது. கேட்ட குரு அதை எவரிடமும் வெளியிட முடியாது. நரகத்தை ஓவியமாய்த் தீட்டி ஒரு சிறுவனை நடுங்கச் செய்வது கொடுமை என்பதில் ஐயமில்லை. அக்கொடுமைக்குள்ளேயே அவனது தன்மறைவுக்கு ஓர் இடம் இருந்தது என்பதும் உண்மை.

மயோர்க்காவிலிருந்து மிச்சிகனுக்கு

ஸ்பெயின் நாட்டு மயோர்க்காத் தீவில் 1940களில் வேறொரு வடிவம் உருவானது. எதுவார்தோ பொன்னின் என்னும் பொதுநிலையினரும் அவர்தம் தோழர்களும் இளைஞர்களுக்கென மூன்று நாள் பயிற்சி நடத்தினர். 'குர்சில்லோ' என்றால் குறும்பாடநெறி. அதன் உரைகளில் பெரும்பாலானவற்றை ஆற்றுவோர் குருக்கள் அல்லர், பொதுநிலையினர். அவர்கள் மறையுண்மையை விளக்குவதோடு தம் வாழ்க்கையையும் சாட்சியமாக வைத்தனர். கலந்துகொள்வோருக்காகப் பிறர் செபித்து, தவம் செய்து, கடிதம் எழுதினர். இதற்கு நெம்புகோல் எனப் பொருள்படும் ஸ்பானியப் பெயர் வழங்கியது. மூன்று நாளுக்குப் பின்வரும் வாழ்நாள் முழுவதும் 'நான்காம் நாள்' எனப்பட்டது.

1957இல் இவ்வடிவம் டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோ நகரை அடைந்தது. முதலில் ஸ்பானிய மொழியிலும் சில ஆண்டுகளில் ஆங்கிலத்திலும் பரவியது. வளர்ந்தோருக்கான இதனைப் பதின்பருவத்தினருக்கு ஏற்பச் சமைத்தவை சில. 1965இல் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக்கில் அருட்தந்தை மத்தேயு பெதேவா தொடங்கிய 'டெக்' அவற்றுள் ஒன்று. இறத்தல், உயிர்த்தல், புறப்படுதல் என்று மூன்று நாளும் பாஸ்கா மறைபொருளின் வரிசையில் அதில் அமைந்தன. கைராஸும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

1965 இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுற்ற ஆண்டு. ஆகவே இம்மாற்றத்தைச் சங்கத்தின் இறையியலோடு இணைப்பது இயல்பு. ஆனால் இறையியலுக்கு இணையாக ஆள்பலமும் காரணம் என்பது என் கருத்து. 1960இல் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் துறவியரும் குருக்களும். இன்று அவர்கள் நூற்றுக்கு மூவர் என்னும் அளவுக்குச் சுருங்கிவிட்டனர். மறையுரை ஆற்ற ஆள் குறைந்த பள்ளியில் மூத்த மாணவர் சாட்சியம் சொல்லத் தொடங்கியதில் தேவையும் உண்டு, கொள்கையும் உண்டு.

வட்டமும் கடிதமும்

காலத்தைக் குறிக்கக் கிரேக்கத்தில் இரு சொற்கள். 'குரோனோஸ்' அளந்து கழியும் காலம். 'கைராஸ்' கனிந்து வரும் தருணம். பெயருக்கேற்பப் பல பள்ளிகளில் தொடக்கத்திலேயே கைக்கடிகாரமும் கைப்பேசியும் வாங்கி வைக்கப்படுகின்றன. மாணவர் சிறு குழுக்களாகப் பிரிகின்றனர். முந்தைய ஒடுக்கத்தில் கலந்துகொண்ட மூத்த மாணவர் எழுந்து தம் குடும்ப முறிவு, நோய், இழப்பு, தனிமை ஆகியவற்றைப் பேசுகின்றனர். பின்னர்க் குழு வட்டமாக அமர்ந்து உரையாடுகிறது. குறித்த ஒரு வேளையில், பெற்றோரும் உறவினரும் நண்பரும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கடிதங்கள் எதிர்பாராத விதமாக வழங்கப்படுகின்றன. அழாதவர் அரிது என்பர். திரும்பும்போது கழுத்தில் ஒரு சிலுவை. 'நான்காம் நாளை வாழ்' என்னும் முழக்கம்.

இவ்வனுபவத்தை எள்ளி நகையாடுவது எளிது, நியாயமன்று. கிறிஸ்டியன் ஸ்மித், மெலிண்டா டென்டன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட 'ஆன்மத் தேடல்' என்னும் ஆய்வு 3,290 அமெரிக்கப் பதின்பருவத்தினரிடம் நடத்திய தொலைபேசிக் கணக்கெடுப்பையும் 267 நேர்காணல்களையும் அடிப்படையாகக் கொண்டது. தாம் எதை நம்புகிறோம் என்று ஒரு வளர்ந்தவர் தம்மிடம் கேட்பது பலருக்கு அதுவே முதல்முறையாக இருந்ததை ஆய்வாளர் பதிவு செய்கின்றனர். அத்தகைய தலைமுறைக்குத் தன் வயதொத்த ஒருவன் எழுந்து நின்று 'எனக்கும் இருள் இருந்தது' என்று சொல்வது சிறிய செய்தியன்று. தந்தை வாய்திறந்து ஒருபோதும் சொல்லாத பாசத்தை அவர் கையெழுத்தில் வாசிப்பதும் சிறியதன்று.

ஆயினும் இஞ்ஞாசியாரின் முற்குறிப்புகளை இவ்வட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு தலைகீழ் மாற்றம் தெரிகிறது. துருவலாகாது என்பது பழைய விதி. வட்டத்தில் எவரும் துருவுவதில்லைதான். ஆனால் எழுவர் மனந்திறந்த பின் எட்டாமவர் வாளாவிருப்பது எங்ஙனம்? கேட்கும் கடமை சொல்லும் கடமையாக மாறிவிடுகிறது. மேலும், ஒப்புரவில் சொன்ன சொல்லுக்கு இருந்த முத்திரை வட்டத்தில் சொன்ன சொல்லுக்கு இல்லை. நண்பரின் வாக்குறுதி மட்டுமே காவல். அமெரிக்க ஆயர்கள் 2002இல் டாலஸ் நகரில் இயற்றிய சிறுவர் பாதுகாப்புச் சாசனத்துக்குப் பின்னும், மாநிலச் சட்டங்களின்படியும், தமக்கு இழைக்கப்பட்ட கொடுமையை ஒரு மாணவர் வெளியிட்டால் அங்குள்ள பள்ளி ஊழியர் அதை உரிய அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும். சட்டம் சரியானதே. ஆனால் 'இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்' என்னும் உறுதிமொழியை முழு உண்மையாகச் சொல்ல இயலாது என்பதும் அதனால் தெளிவாகிறது.

விருப்பமும் இரகசியமும்

கைராஸில் நடப்பவற்றைக் கலந்துகொள்ளாதவரிடம் சொல்லலாகாது என்பது பல பள்ளிகளில் எழுதப்படாத மரபு. கடிதத்தின் வியப்பைக் காப்பதற்காக என்று காரணம் கூறுவர். அதில் பொருளில்லாமல் இல்லை. எனினும் என்ன நிகழும் என்று அறியாமல் ஒருவர் அளிக்கும் இசைவு எத்தகைய இசைவு? கத்தோலிக்கர் அல்லாத மாணவரும் இப்பள்ளிகளில் பயில்வதால் இவ்வினா மேலும் கனக்கிறது.

அரசுப் பள்ளியைப் பற்றிய வழக்கு ஒன்று இங்கே ஒப்பீட்டுக்கு உதவும். பட்டமளிப்பு விழாவில் சமயகுருவை அழைத்துச் செபம் சொல்வித்தது குறித்த லீ எதிர் வைஸ்மன் வழக்கில், 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் அதனை அரசமைப்புக்கு முரணானது என்றது. பதின்பருவத்தினர் ஒத்த வயதினரின் அழுத்தத்துக்கு எளிதில் வசப்படுவர் என்பதும், 'விரும்பினால் வராதிருக்கலாம்' என்பது அவர்களுக்கு மெய்யான தெரிவு ஆகாது என்பதும் நீதிபதி கென்னடியின் தீர்ப்பில் இடம்பெற்ற காரணங்கள். தனியார் சமயப் பள்ளியை இத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. அழுத்தத்தைப் பற்றிய கணிப்பு மட்டும் பள்ளியின் உரிமையாளர் யார் என்று பார்த்து மாறுவதில்லை.

இரகசியம் வரலாற்றாய்வாளருக்கும் இடையூறு செய்கிறது. நரக மறையுரை அச்சில் கிடக்கிறது. எவரும் எடுத்துக் குறை கூறலாம். 17 வயது மாணவி ஒருத்தி தன் வட்டத்தில் சொன்னதற்கு ஏடு இல்லை, இருக்கவும் கூடாது. எஞ்சுபவை இழுப்பறையில் கிடக்கும் கடிதக் கட்டும் சிலுவையும்தான்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. ஸ்டீபன் தன் பாவத்தைச் சொன்ன கப்புச்சின் முதியவரை அவன் மறுநாள் வகுப்பறையில் காணவில்லை. கைராஸிலிருந்து திரும்பியவர் கணக்கு வகுப்பில் அமரும்போது, அவரது வட்டத்தில் இருந்தோருள் இருவரோ மூவரோ அதே அறையில் அமர்ந்திருக்கின்றனர்.