எண்பது ரூபாய்க் கடனும் ஒரு கணக்கு நோட்டும்

எங்கள் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு திருநெல்வேலி அக்கா இருக்கிறார். தீபாவளி வந்தால் முறுக்கும் தட்டையும் சுட்டு நம்மூர்க்காரர்களுக்கு விற்பார். போன ஞாயிறு வந்து, "தம்பி, இதையே தொழிலா செய்யலாம்னு இருக்கேன். பேங்க்ல லோன் கெடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, இதே மும்பையில் நடந்த ஒரு பழைய கதையையும் சொன்னேன். உங்களில் யாருக்காவது உதவும் என்று இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

லிஜ்ஜத் அப்பளம் நம் எல்லோர் வீட்டிலும் பொரிந்திருக்கும். அது தொடங்கியது 1959 மார்ச் 15 அன்று, கிர்காவ் பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில். ஏழு குஜராத்திப் பெண்கள். படிப்பு அதிகமில்லை, கையில் காசும் இல்லை. தெரிந்ததெல்லாம் அப்பளம் இடுவது மட்டும்தான். அன்று இட்டது நான்கு பாக்கெட். புலேஷ்வரில் தெரிந்த வியாபாரி ஒருவர் வாங்கிக்கொண்டார்.

முதலீடு 80 ரூபாய். கொடுத்தவர் சகன்லால் கரம்சி பரேக் என்ற சமூக சேவகர். எல்லோரும் அவரை 'சகன் பாபா' என்பார்கள் (குஜராத்தியில் அப்பா என்று அர்த்தம்). கவனியுங்கள், அது நன்கொடை இல்லை, கடன். அந்தப் பெண்களும் ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்திருந்தார்கள்: நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை!

என்னைக் கேட்டால், பாபா கொடுத்த பணத்தைவிட அவர் சொன்ன யோசனைதான் பெரிது. முதலில் இவர்கள் இரண்டு தரத்தில் அப்பளம் இட்டார்கள். மட்டமானதைக் குறைந்த விலைக்கு விற்கலாம் என்று எண்ணம். பாபா அதைத் தடுத்தார். ஒரே தரம் போதும், அதில் கை வைக்காதீர்கள் என்றார். கூடவே, இது தர்ம காரியம் இல்லை, வியாபாரம். ஒழுங்காகக் கணக்கு எழுதுங்கள் என்றும் வலியுறுத்தினார்.

முதல் வருடம் சுலபமாக இல்லை. மும்பை மழைதான் தெரியுமே! அப்பளம் காயாமல் நான்கு மாதம் வேலையே நின்றது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம், கீழே அடுப்பு. பிரச்சினை தீர்ந்தது. அந்த முதல் வருட விற்பனை 6,196 ரூபாய்.

பெரிய பணம் வந்தது அதற்கு ஏழு வருடம் கழித்து. 1966-ல் சங்கமாகப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு கதர் கிராமத் தொழில் ஆணையம் அங்கீகரித்து, நடைமுறை மூலதனமாக 8 லட்சம் ரூபாய் தந்தது. 80 ரூபாயில் இருந்து 8 லட்சத்துக்கு வந்த வழியில் அவர்கள் கையில் இருந்தது ஒரே தரமான சரக்கும், ஒழுங்கான கணக்கும்தான். இன்று அங்கே 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்கிறார்கள், அத்தனை பேரும் பங்குதாரர்கள். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இன்று கடன் கேட்க ஒரு பாபாவைத் தேட வேண்டாம். 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில், 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கியில் கேட்கலாம். ஆனால் ஒரு கிலோ முறுக்குக்கு மாவு, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து என்ன அடக்கம் என்று தெரியாமல் வாங்கினால், தவணை கட்டும்போதுதான் கண்ணைக் கட்டும்.

அக்காவிடம் அதைத்தான் கேட்டேன். "அதெல்லாம் யாரு எழுதி வச்சா தம்பி?" என்று சிரித்தார். மூன்று மாதம் எழுதுங்கள், அப்புறம் நானே வங்கிக்குக் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மறுநாளே பையனின் பழைய ரஃப் நோட்டில் முதல் பக்கம் எழுதி, கொண்டு வந்து காட்டினார்.