வெற்றிலையின் மேல் விழுந்த பழி

மதுரைக்கு வடமேற்கே வைகைக் கரையில் உள்ள சோழவந்தானின் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றதால், வேறு நிலத்து இலைக்கு அவ்வூர்ப் பெயரை இட முடியாது என்ற சட்டக் காவல் அதற்குக் கிடைத்தது. ஆனால் அந்த இலையின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பழிக்கு அதைவிட ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயது அதிகம்.

அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கும் நெய்யூரில் லண்டன் மிஷன் நடத்திய மருத்துவமனையின் மருத்துவர் பென்டால், 1908இல் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1933இல் லான்செட் இதழில் எழுதிய ஐ. எம். ஓர், திருவிதாங்கூரில் மிகுந்திருந்த வாய்ப் புற்றுநோயைத் தாம்பூலம் மெல்லும் வழக்கத்தோடு இணைத்தார். மலையாளத்து வெற்றில என்ற சொல்லே போர்ச்சுகீசியர் வாய்வழி ஆங்கிலத்தில் பீட்டல் ஆகி, அங்கே பாக்குக்கும் பீட்டல் கொட்டை என்ற பெயரைத் தந்துவிட்டதால், வேறொரு மரத்தின் காய் கொடியின் பெயரைச் சுமந்தது. தமிழிலும் பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்த்து மெல்வதை 'வெற்றிலை போடுதல்' என்றே சொல்கிறோம். குற்றம் யாருடையது என்று பிரித்தறிய இரு மொழிகளின் பேச்சுவழக்கும் உதவவில்லை.

அந்தப் பிரிப்பு ஆய்வகத்தில்தான் நிகழ்ந்தது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ் 1970களில் வகுத்த சோதனையில், ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைத் தானே உண்டாக்க இயலாத சால்மோனெல்லா பாக்டீரியாக்களை அந்த அமிலம் மிகக் குறைவாக உள்ள தட்டில் விட்டு, சோதிக்க வேண்டிய பொருளையும் சேர்ப்பர், அப்பொருள் டி.என்.ஏ.வை மாற்றிவிட்டால் சில பாக்டீரியாக்கள் இழந்த திறனை மீட்டுப் பெருகிப் புள்ளிபுள்ளியாகத் தெரியும், அப்புள்ளிகளின் எண்ணிக்கையே சேதத்தின் அளவாகும். பம்பாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அமோன்கர், நாகபூஷண், பிடே முதலியோர் இச்சோதனையை வெற்றிலைச் சாற்றுக்கும் செய்து, அது மரபணு மாற்றத்தைத் தூண்டுவதில்லை என்றும், அதிலுள்ள ஹைட்ராக்சிசவிகால் என்னும் பீனால் வகைப் பொருள் பிற நச்சுகள் தூண்டும் மாற்றத்தைக் குறைக்கிறது என்றும் 1986, 1987ஆம் ஆண்டுகளில் எழுதினர்.

இதைக் கேட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறப்பவர் அவசரக்காரர். காம்பையும் நுனியையும் கிள்ளி எறிந்து, இலையின் முதுகில் விரலால் சுண்ணாம்பு தடவிப் பாக்கை வைத்து மடித்த கணத்திலேயே இலையின் தனிக்கணக்கு முடிந்துவிடுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து டி.என்.ஏ.வைத் தாக்கும் வினைமிகு மூலக்கூறுகளை உமிழ்கின்றன. பாக்கிலுள்ள அரிக்கோலினிலிருந்து, புற்றுநோயூட்டும் நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1985இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை மட்டுமே புற்றுநோய்க் காரணி என உறுதி செய்து, புகையிலை சேராததற்குச் சான்று போதாது என விட்டுவைத்திருந்தது; 2004இல் வெளியான மறு ஆய்வில் புகையிலையற்ற தாம்பூலத்தையும், பாக்கைத் தனியாகவும் அதே வரிசையில் சேர்த்தது. வெற்றிலைக்கு அப்படித் தனி இடம் அப்பட்டியலில் தரப்படவில்லை.

உணவால் இச்சேதத்தைத் தடுக்கலாமா என்ற கேள்வியைக் கனடாவைச் சேர்ந்த ஹான்ஸ் ஸ்டிக், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தாருடன் சேர்ந்து ஆராய்ந்தார். தாம்பூலத்தை விடாத கேரள மீனவர்களுக்கு வைட்டமின் ஏ, பீட்டா கரோட்டின் தந்து, கன்னத்தின் உட்புறத்திலிருந்து சுரண்டிய செல்களில் நுண்கருக்களை, அதாவது உடைந்த மரபுப்பொருள் கருவுக்கு வெளியே தனித்து நிற்கும் துணுக்குகளை, எண்ணினர். அவை குறைந்ததோடு, புற்றுக்கு முன்னோடியான வெண்படலங்கள் பலருக்கு மறைந்ததையும் 1988இல் அறிவித்தனர். திருவனந்தபுரத்தில் நடந்த பிந்தைய ஆய்வில், மாத்திரையை நிறுத்தியபின் குணமானோரில் பலருக்கு அப்படலம் திரும்பியது.

கரோட்டின் மிகுந்த கீரைகளுள் அகத்தியும் ஒன்று. வெற்றிலை பயிரிடும் கொடிக்காலில் முதலில் விதைக்கப்படுவது அதுதான். அது வளர்ந்து நிழல் தந்தபின் கொடியை அதன் தண்டோடு வாழைநாரால் கட்டுவர். நூறுநூறாக அடுக்கிய இலை கவுளியாகச் சந்தைக்குப் போகும். வெளிச்சம் விடுவதற்காகக் கழித்த அகத்திக் கொழுந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் போக, மிஞ்சியது வீட்டு அடுப்பில் வதங்கும்.