ஃபில்மோர் அரங்கின் இசைத்தட்டு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கிலே, ஜார்ஜியா மாநிலத்தின் நடுப்பகுதியில், ஒக்மல்கி ஆற்றங்கரையிலே மேக்கன் என்றொரு நகரம் உளது. பருத்தி வாணிகத்தால் வளர்ந்த நகரம் அது. லிட்டில் ரிச்சர்டு பிறந்ததும், ஓட்டிஸ் ரெடிங் வளர்ந்ததும் அங்கேதான். 1969ஆம் ஆண்டில் அந்நகரத்தைத் தம் இருப்பிடமாகக் கொண்ட இளைஞர் அறுவர், இரண்டாண்டு கழித்து நியூயார்க்கிற்குச் சென்று நிகழ்த்திய கச்சேரி இசைத்தட்டாக வெளிவந்தது. 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' என்பது அதன் பெயர். ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் என்பது குழுவின் பெயர். 'தென்னக ராக்' என்று பின்னர் வழங்கப்பெற்ற இசை மரபின் தலைசிறந்த படைப்பாக இதனையே பலரும் கூறுவர். ஐம்பதாண்டு கடந்தும் இத்தட்டை மக்கள் விரும்பிக் கேட்பானேன் என்பதனைச் சற்றே ஆராய்வோம்.

ராக் இசை என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காதைப் பிளக்கும் ஓசையும் இளைஞர் கூச்சலுமே. அவ்வெண்ணத்திற்கு இடங்கொடுத்த தட்டுகளும் ஏராளம். ஆயினும் கச்சேரி கேட்டுப் பழகிய செவிக்கு இத்தட்டில் அறிமுகமான ஒன்று தென்படும். பாட்டின் சொற்கள் சில அடிகளில் முடிந்துவிட, வாத்தியங்கள் அதனை விரித்துக்கொண்டே செல்கின்றன. இரண்டு தட்டுகள், நான்கு பக்கங்கள், உருப்படிகளோ ஏழே. அவற்றுள் இறுதி உருப்படி மட்டும் ஏறத்தாழ இருபத்துமூன்று நிமிடம் ஒலிக்கிறது.

இவ்விசையின் வேர் 'ப்ளூஸ்' என்னும் கறுப்பின மக்களின் பாட்டு. அடிமைத்தளை 1865இல் அறுந்த பின்னும், நிலக்கிழாரின் வயல்களில் வாரத்திற்கு உழுது கடனில் மூழ்கிய மக்கள் தம் துயரையும் எள்ளலையும் அதிலே வடித்தனர். இருபதாம் நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டுகளில் ஏறத்தாழ அறுபது லட்சம் கறுப்பினத்தவர் தென்மாநிலங்களை விட்டுச் சிகாகோ, டிட்ராய்ட், நியூயார்க் முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பிழைப்புத் தேடிப் பெயர்ந்தவர் மூட்டையோடு பாட்டையும் கொண்டு செல்வர் என்பதனை மாதுங்காவிலும் கரோல்பாகிலும் வாழும் நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மிஸிஸிப்பியில் பிறந்த எல்மோர் ஜேம்ஸின் பாட்டும், டெக்ஸஸில் பிறந்த டி-போன் வாக்கரின் பாட்டும் இத்தட்டில் இடம்பெற்றுள்ளன. முதற்பாட்டோ ஜார்ஜியாவின் சொந்தப் பாட்டு. 'ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்' என்னும் அதனை இயற்றி 1928இல் ஒலிப்பதிவு செய்தவர் பிளைண்டு வில்லி மெக்டெல் என்னும் கண்பார்வையற்ற பாடகர். பன்னிரு தந்திகள் பூட்டிய கிதாரைத் தெருவோரங்களில் வாசித்தவர். 1959இல் அவர் மறைந்தபோது அவர் பெயரைப் பரந்த உலகம் அறிந்திலது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அவர் பாட்டே இத்தட்டின் வாயிலாக அமைந்தது.

குழுவின் தலைவன் டுவேன் ஆல்மன். 1946இல் பிறந்தவன். அவனுக்கு மூன்று வயதாயிருக்கையில் தந்தை ஒரு வழிப்போக்கனாற் கொல்லப்பட்டார். தாய் இரு மைந்தரையும் வளர்த்து ஆளாக்கினார். டுவேனும் இளையவன் கிரெக்கும் ஃபிளாரிடா மாநிலத்து டேடோனா கடற்கரை நகரில் வானொலியில் கறுப்பினப் பாடகர்களைக் கேட்டே இசை பயின்றனர் எனலாம். அலபாமா மாநிலத்து மஸில் ஷோல்ஸ் என்னும் சிற்றூரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் டுவேன் கூலிக்குக் கிதார் வாசித்தான். வில்சன் பிக்கெட் என்னும் பாடகருக்காக 1968இல் அவன் வாசித்த வாசிப்பே அவன் பெயரை வெளியுலகுக்கு எட்டச் செய்தது.

அவனுடைய வாசிப்பு முறையைப் பற்றி ஒரு சொல். நோயுற்றுப் படுத்திருந்த அண்ணனுக்குத் தம்பி பிறந்தநாட் பரிசாக ஓர் இசைத்தட்டையும், சளிக்காய்ச்சல் மாத்திரை அடங்கிய ஒரு கண்ணாடிக் குப்பியையும் கொடுத்தான். டுவேன் மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, குப்பியின் மேலிருந்த சீட்டைக் கழுவி நீக்கி, அதனை விரலில் மாட்டிக்கொண்டு தந்திகளின்மீது வழுக்கி வாசிக்கலானான். நம் கோட்டுவாத்தியத்தில் உருளையை நகர்த்தி ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்திற்குத் தடையின்றிச் செல்வது போன்றதே இதுவும். மெக்டெலின் பாட்டை இத்தட்டில் தொடங்கி வைப்பது அந்த மருந்துக் குப்பியின் ஒலிதான்.

1969 மார்ச் திங்களில் ஜாக்ஸன்வில் நகரிலே குழு ஒன்று கூடியது. டுவேனுக்கு இணையாக இன்னொரு கிதார்க் கலைஞர், டிக்கி பெட்ஸ். கிரெக் ஆர்கன் வாசித்துப் பாடினான். தாழ்ந்த ஒலிக் கிதார் பெர்ரி ஓக்லியினுடையது. முழவு கொட்டுவோர் ஒருவரல்லர், இருவர்: வெள்ளையரான புட்ச் டிரக்ஸும், ஓட்டிஸ் ரெடிங்கின் குழுவில் வாசித்த கறுப்பினத்தவரான ஜைமோவும். கறுப்பரும் வெள்ளையரும் பொதுவிடங்களில் ஒன்றாக அமரலாம் என்று சட்டம் பிறந்து ஐந்தாண்டுகூட நிரம்பாத காலம் அது. சட்டப்புத்தகத்தில் எழுதியது தென்மாநிலச் சிற்றூர்களின் உணவகங்களில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அத்தகைய மண்ணில் இரு நிறத்தாரும் ஒரே வீட்டில் உறைந்து, ஒரே வண்டியில் ஊர் ஊராகச் சென்றனர். கையில் காசில்லாத நாட்களில் மேக்கனில் இவர்களுக்குச் சோறிட்டவர் லூயிஸ் ஹட்சன் என்னும் கறுப்பின மாது. அவருடைய உணவகத்தில் இரண்டு தட்டு உணவு வாங்கி அறுவரும் பகிர்ந்துண்டனர் என்பர். அன்னமிட்ட கையை அவர்கள் மறந்தாரில்லை. பின்னாளில் தம்முடன் அவரையும் பயணத்திற்கு அழைத்துச் சென்றனர்.

முதல் இரண்டு இசைத்தட்டுகளும் சரியாக விற்பனையாகவில்லை. மேடையிலே இவர்கள் காட்டும் ஆற்றல் ஒலிப்பதிவுக் கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கவில்லை என்பதனை அறிந்தவர்கள் இவர்களே. ஆகவே கச்சேரியையே பதிவு செய்வது என்று முடிவாயிற்று. அதற்கு இடமாக அமைந்தது நியூயார்க்கின் இரண்டாம் நிழற்சாலையில் இருந்த ஃபில்மோர் ஈஸ்ட். முன்னாளில் யூதர்களின் நாடகங்கள் நடந்த அவ்வரங்கை 1968இல் பில் கிரஹாம் என்பார் இசை மண்டபமாக மாற்றியிருந்தார். ஏறத்தாழ 2,600 பேர் அமரலாம்.

1971 மார்ச் 11, 12, 13 ஆகிய மூன்று இரவுகளிலும் கச்சேரி. அறிவிப்பிலே முதன்மைப் பெயர் ஜானி வின்டருடையது. நம் குழு துணைக் குழுவாகவே வந்தது. மூன்று இரவும் முடியுமுன் நிலைமை மாறி, இறுதியில் மேடையேறும் உரிமை இவர்களுக்கே வாய்த்தது. ஒலிப்பதிவுப் பொறுப்பை ஏற்றவர் டாம் டௌட். இளமையில் அணுகுண்டு ஆராய்ச்சியில் பணிபுரிந்து, பின் ஒலிப்பதிவுத் துறைக்கு வந்த விஞ்ஞானி அவர். முதல் முறை ஊதுகருவிக்காரர் சிலரை டுவேன் மேடைக்கு அழைத்து வந்திருந்தான். வெளியே நின்ற வண்டியில் கருவிகளின்முன் அமர்ந்திருந்த டௌட், சுருதி சேராத அவ்வோசை கேட்டு அதிர்ந்து, அவர்களை நீக்கும்படி வற்புறுத்தினார். ஒவ்வோர் இரவும் கச்சேரி முடிந்ததும் எல்லோரும் கூடிப் பதிவைக் கேட்டனர். போதிய அளவு நன்கமைந்த உருப்படியை ஒதுக்கிவைத்து, அமையாததை மறுநாள் மீண்டும் வாசித்தனர். இறுதி இரவில் வெடிகுண்டு மிரட்டலால் அரங்கைக் காலி செய்ய நேர்ந்தமையால், கடைசிக் கச்சேரி விடியும்வரை நீண்டது.

தட்டில் பின்னர் ஒட்டிச் சேர்த்த வாசிப்பு எதுவும் இல்லை. வெட்டு உண்டு. ஓரிடத்தில் ஹார்மோனிகா வாசித்த பகுதி நீக்கப்பட்டது; வேறோர் உருப்படி இருமுறை வாசித்ததன் இணைப்பு. ஆனால் நாம் கேட்பது மேடையில் ஒலித்ததே.

உருப்படிகளுள் இரண்டினைச் சிறப்பாகக் குறிப்பிடல் வேண்டும். ஒன்று, சொற்களே இல்லாத 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்'. டிக்கி பெட்ஸ் இயற்றியது. மேக்கனில் ரோஸ் ஹில் என்னும் இடுகாட்டில் அமர்ந்து பாட்டுகளை உருவாக்குவது அவர்களுடைய வழக்கம். தம் மனத்திலிருந்த மங்கையின் பெயரை வெளியிட விரும்பாத பெட்ஸ், அங்கே ஒரு கல்லறையின்மீது பொறித்திருந்த பெயரைத் தம் இசைக்கு இட்டார். தொடக்கத்தில் ஒலி விசையை மெல்லத் திறந்து திறந்து வாசித்துக் கிதாரை வயலின் போல இழையச் செய்கிறார். பிறகு இரு கிதாரும் ஒரே மெட்டை இரு ஸ்வர நிலைகளில் இணைத்து நடத்துகின்றன. ஜாஸ் மேதைகளான மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் ஆகியோரின் தட்டுகளை ஜைமோ குழுவினருக்கு அறிமுகப்படுத்தியதன் பயன் இது. ஸ்வரக் கட்டு மாறிக்கொண்டே செல்லாமல், ஒரே நிலையில் நின்று கற்பனையை வளர்க்கும் முறையை அவர்களிடமே டுவேன் கற்றான். கோல்ட்ரேன் இந்திய இசையை ஆழ்ந்து பயின்றவர்; ரவிசங்கரிடம் கொண்ட மதிப்பால் 1965இல் பிறந்த தம் மகனுக்கு ரவி என்றே பெயரிட்டவர். மேக்கன் இளைஞரின் ஆலாபனையில் நமக்குப் பழகிய மணம் வீசுவதற்கு இந்தத் தொடர்பும் ஒரு காரணமாகலாம்.

மற்றொன்று 'விப்பிங் போஸ்ட்', கசையடிக் கம்பம். அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த கம்பத்தின் பெயரைக் காதல் வேதனைக்கு உவமையாக்கினான் கிரெக். 1969இல் ஒருநாள் இரவில் இப்பாட்டு மனத்தில் எழ, தாளும் எழுதுகோலும் அகப்படாமல், தீக்குச்சிகளை எரித்து அக்கரியினால் இஸ்திரி மேசையின் உறைமேல் எழுதிவைத்தான். அதன் தொடக்கத் தாளம் மூன்று, மூன்று, மூன்று, இரண்டு எனப் பதினோர் எண்ணிக்கை கொண்டது. அண்ணன் சுட்டிக்காட்டும்வரை தான் பதினோர் எண்ணிக்கையில் இயற்றியதைக் கிரெக் அறியவில்லையாம். லயக் கணக்கை நன்கறிந்த நம் வித்துவான்கள் கேட்டாற் புன்னகை பூப்பர்.

தட்டில் இப்பாட்டு தொடங்குமுன் ரசிகர் ஒருவர் அதன் பெயரை உரக்கக் கூவுவதும், டுவேன் இசைந்து மறுமொழி கூறுவதும் பதிவாகியுள்ளன. அன்று தொடங்கி, வேறு குழுக்களின் கச்சேரிகளிலும் இப்பெயரைக் கூவுவது ஒரு வேடிக்கையாகவே பரவிவிட்டது. 1974இல் ஹெல்சிங்கியில் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரியிலும் ஒருவர் கூவினார். ஸாப்பா பின்னாளில் பாட்டைக் கற்று 1984இல் தட்டாகவே வெளியிட்டார்!

நீண்டு செல்லும் இவ்வாசிப்பில் சலிப்பூட்டும் இடமே இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். பத்தொன்பது நிமிடம் ஓடும் 'யூ டோன்ட் லவ் மீ' நடுவிலே சற்றுத் தளர்கிறது. எனினும் அத்தளர்ச்சியிலிருந்து ஒருவர் சிறு சொற்கட்டு ஒன்றை எடுத்துக் கொடுக்க, மற்றவர் பற்றிக்கொள்ள, முழவுகள் சேர்ந்தெழும் கணத்தை நாம் கண்ணாற் காண்பது போலவே உணர்கிறோம். அறுவரும் ஒருவரையொருவர் செவிமடுக்கும் ஓசை இத்தட்டில் பதிந்துள்ளது. எம் கருத்தில், இதன் நீண்ட வாழ்வின் மருமம் அதுவே. புகழ் பெற்ற கிதார்த் தட்டுகள் பலவற்றில் ஒருவர் வாசிக்க ஏனையோர் காத்திருப்பர். இங்கே காத்திருப்போர் எவருமிலர்.

1971 ஜூலையில் தட்டு வெளிவந்தது. இரட்டைத் தட்டை ஒற்றைத் தட்டின் விலைக்குச் சற்றே மேலாக விற்றனர். மேலட்டையில் பெட்டிகளுக்கு முன்னே குழுவினர் சிரித்தவாறு அமர்ந்திருக்க, பின்னட்டையில் அதே பெட்டிகளுக்கு முன்னே சுமை தூக்கி மேடை அமைத்த உதவியாளர் வீற்றிருக்கின்றனர். படம் எடுத்தது மேக்கனில்தான். கச்சேரி நடந்த அரங்கோ, தட்டு கடைக்கு வருமுன்னரே, ஜூன் 27இல் மூடப்பட்டுவிட்டது. அக்டோபரில் தட்டு தங்கத்தட்டு என்னும் விற்பனைச் சிறப்பை எய்தியது. அதே திங்கள் 29ஆம் நாள் மேக்கன் தெருவொன்றில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் மாண்டான். வயது இருபத்துநான்கு. ஓராண்டு கழித்து, 1972 நவம்பர் 11இல், அவ்விடத்திற்கு மிக அருகிலேயே, அதே வகை விபத்தில், அதே வயதில் ஓக்லியும் மாண்டான். எலிசபெத் ரீடின் பெயரை ஈந்த ரோஸ் ஹில் இடுகாட்டிலேயே இருவரும் அடக்கமாயினர். 2017இல் கிரெக்கும் அங்கே வந்து சேர்ந்தார்.

இவர்கள் வெட்டிய வழியில் எழுபதுகளில் பல குழுக்கள் நடந்தன. சில குழுக்கள் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட பழைய கூட்டமைப்பின் கொடியைத் தம் மேடைகளில் விரித்து, அதுவே தென்னகத்தின் அடையாளம் எனக் காட்டின. ராக் இசை பிறந்ததே தென்னகத்தில். அதற்குத் 'தென்னக' என்று ஓர் அடைமொழி எதற்கு என்று கிரெக் கேட்டதுண்டு. கொடியை மறந்து இத்தட்டைக் கேட்போமாயின், மெக்டெலின் தெருவும் ஜைமோவின் முழவும் லூயிஸ் அம்மையாரின் சோறும் சேர்ந்ததே தென்னகம் என்று தோன்றும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதனை 2004ஆம் ஆண்டிற்கெனச் சேர்த்தது. 2014இல் அவ்விரவுகளின் பதிவுகள் விரிந்த தொகுப்பாக வெளிவந்தன. அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க்கில் குழு தன் கடைசிக் கச்சேரியை நிகழ்த்தியது. அது முடியும்போது நள்ளிரவு கடந்து, டுவேன் மறைந்த 29ஆம் நாள் பிறந்திருந்தது.

நான்காம் பக்கத்தின் முடிவைக் கவனித்துக் கேட்க வேண்டும். 'விப்பிங் போஸ்ட்' ஓய்ந்து கரவொலி எழுகையில், வாசிப்பு நிற்காமல் அடுத்த உருப்படியின் முழவோசை மெல்லக் கேட்கத் தொடங்குகிறது. அப்படியே தேய்ந்து மறைகிறது. அவ்வுருப்படி, 'மவுன்டன் ஜாம்', முப்பத்துமூன்று நிமிடத்திற்கு மேல் நீண்டது, தட்டில் இடமில்லை. 1972 பிப்ரவரியில் வெளிவந்த அடுத்த தட்டின் இரு பக்கங்களில் அது முழுமையாக வந்தது. அப்பொழுது டுவேன் மறைந்து மூன்று திங்களுக்கு மேலாயிருந்தது.