காது எழுப்பும் ஒலியும் மூளை தேக்கும் ஒலியும்

ஒலியைக் கேட்பது காதின் வேலை. அதே காது ஒலியை எழுப்பவும் கூடும் என்று 1948-இல் ஓர் இளம் ஆய்வாளர் கூறியபோது செவியியல் அறிஞர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அது மெய்ப்பிக்கப்பட முப்பது ஆண்டுகள் ஆயின.

நம் உட்செவியில் நத்தையின் ஓடு போலச் சுருண்ட குழல் ஒன்று உண்டு. காக்ளியா என்பது அதன் பெயர். சுருளைப் பிரித்து நீட்டினால் நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். அதனுள்ளே நெடுக ஒரு மெல்லிய சவ்வு ஓடுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்தச் சவ்வைப் பியானோவுக்கு ஒப்பிட்டார். அதன் இழைகள் ஒவ்வொன்றும் தனக்குரிய அதிர்வெண்ணுக்கு மட்டும் ஒத்ததிர்கின்றன என்றார். அழகான கருத்துதான். ஆனால் காக்ளியா முழுவதும் திரவம் நிரம்பியுள்ளதே! வீணையைத் தண்ணீரில் அமிழ்த்தி மீட்டினால் தந்தி எவ்வளவு நேரம் அதிரும்?

இதை நேரில் பார்த்துவிட முனைந்தவர் ஹங்கேரி நாட்டு இயற்பியலாளர் பெக்கெசி. அவர் பணியாற்றியது புடாபெஸ்ட் நகரில், தபால் துறையின் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில். தொலைபேசியைத் திருத்த வேண்டுமானால் அதன் முனையில் வைக்கப்படும் காதையும் அறிய வேண்டும் அல்லவா? இறந்தோரின் செவிகளைப் பெற்று, உட்சவ்வின் மேல் வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் உதவியால் உருப்பெருக்கியில் நோக்கினார். ஒலி, சவ்வின் மீது ஓர் அலையாகப் பயணம் செய்தது. உயர்ந்த சுருதிக்கு வாயிலருகேயும் தாழ்ந்த சுருதிக்குக் கோடியிலும் அலை உச்சம் பெற்றது. இம்முடிவை 1928-இல் வெளியிட்டார். 1961-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியது. அவர் கண்ட உச்சம் கூர்மையாக இல்லை, அகன்று கிடந்தது. நம் காதோ 1000 ஹெர்ட்ஸ் ஒலியையும் 1003 ஹெர்ட்ஸ் ஒலியையும் பிரித்தறிய வல்லது. கூர்மைப்படுத்தும் வேலையை நரம்புகள் செய்கின்றன என்று அன்று சமாதானம் கூறப்பட்டது.

தாமஸ் கோல்டு இதை ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ரேடார் ஆய்வில் ஈடுபட்டிருந்த அவர், மின்சுற்றுகளை நன்கறிந்தவர். ரேடியோவில் வெளிவரும் சைகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தினால் இழந்த ஆற்றல் ஈடாகிறது. ஏற்கும் திறன் கூர்மையடைகிறது. காதும் இவ்வாறே தன் ஆற்றலைச் செலவிட்டுத் திரவத்தின் உராய்வை ஈடுசெய்ய வேண்டும் என்று அவர் வாதிட்டார். இந்தப் பின்னூட்டம் அளவு மீறினால் என்ன நேரும்? பொதுக்கூட்டத்தில் ஒலிபெருக்கி திடீரெனக் கீச்சிடுமே, அதுபோல் காதும் ஒலிக்க வேண்டும்! அன்றைய மைக்குகளால் அந்த ஒலியைப் பிடிக்க முடியவில்லை. கோல்டு வானியலுக்குச் சென்றுவிட்டார். பெக்கெசியின் அளவீடுகளே அவருக்கு எதிர்ச்சான்றாகக் காட்டப்பட்டன. அவை உயிரற்ற காதுகளில் எடுக்கப்பட்டவை என்பதை அன்று எவரும் பெரிதாகக் கருதவில்லை.

1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர், காதுத் துளையில் சிறு ஒலிபரப்பியையும் மைக்கையும் பொருத்தி, 'டக்' என்ற ஒலியைச் செலுத்தினார். சில மில்லிவிநாடிகள் கழித்து மெல்லிய ஒலி திரும்பி வந்தது. காதுத் துளையின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். அங்கே முட்டித் திரும்புவதானால் 0.15 மில்லிவிநாடி போதும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆகவே இது காக்ளியாவே எழுப்பிய ஒலி. காக்ளியாவில் சுமார் 12,000 புறமயிர்ச் செல்கள் உள்ளன. மின்னழுத்தம் மாறும்போது இவை நீண்டும் குறுகியும் ஆடுவதை 1985-இல் பிரவுனல் குழுவினர் அறிவித்தனர். கோல்டு தேடிய ஆற்றல் இவற்றிலிருந்தே வருகிறது. பேரிரைச்சலால் இவை அழிந்தால் நமக்கு மீண்டும் முளைப்பதில்லை.

பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று யாரைக் கேட்பது? இன்று பல மருத்துவமனைகளில் கெம்ப் கண்ட ஒலியைக் கொண்டு, உறங்கும் குழந்தையிடமே சோதித்துவிடுகிறார்கள். எனினும் இச்சோதனை புறமயிர்ச் செல்களைப் பற்றியே சொல்லும். அதற்கு அப்பால் நரம்பில் குறை இருந்தால், இந்த ஒலி வந்தாலும் குழந்தைக்குக் கேட்காமல் போகலாம். அதற்கு வேறு சோதனை உண்டு.

செவியைக் கடந்த பின்பும் ஒலி உடனே மறைந்துவிடுவதில்லை. மூளை அதைச் சற்று நேரம் தேக்கி வைக்கிறது. 1964-இல் ஆன் டிரைஸ்மன் இரு காதுகளிலும் ஒரே பேச்சைச் சிறிது முன்பின்னாக ஒலிக்கச் செய்து, ஒரு காதை மட்டும் கவனிக்கச் சொன்னார். கவனியாத காதில் பேச்சு முந்தினால், இடைவெளி சுமார் ஒன்றரை விநாடிக்குக் குறைந்தபோதுதான் இரண்டும் ஒன்றே என்பது கேட்போருக்குப் புலப்பட்டது. கவனிக்கும் காதில் முந்தினால், நான்கரை விநாடி இடைவெளியிலும் புலப்பட்டது. இந்தக் குறுகிய நினைவுக்கு 1967-இல் நைசர் 'எதிரொலி நினைவு' என்று பெயரிட்டார்.

கெம்பின் கட்டுரை வந்த அதே 1978-இல், பின்லாந்து அறிஞர் நாட்டனன் குழுவினரின் கட்டுரையும் வெளிவந்தது. ஒரே மாதிரியான ஒலிகளுக்கிடையே வேறுபட்ட ஒலி ஒன்று வந்தால், கவனியாத காதானாலும் மூளையில் ஒரு மின்சைகை எழுகிறது. முந்தைய ஒலியின் சுவடு மூளையில் இருந்தால்தானே புதியது வேறு என்று தெரியும்? ஒலிகளுக்கிடையே பத்து விநாடிக்கு மேல் விட்டால் இச்சைகை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. 1990-இல் வெளியான ஆய்வில், புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் மூளையிலும் சுருதி மாற்றத்திற்கு இத்தகைய சைகை பதிவாகியிருந்தது.