மாடலிலிருந்து ஏபிஐ: வேகம் வந்த வழியும் அதன் விலையும்

முன்னுரை

தரவுத்தள அட்டவணை ஒன்றைப் பிற செயலிகள் இணையம் வழியே படிக்கவும் திருத்தவும் திறந்துவிடும் ஏபிஐயை அமைக்கும் வேலை முன்பு நாள்கணக்கில் இழுத்தது. இன்று பைதான் மொழியின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் அது முடிந்துவிடுகிறது. இந்த வேகம் எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். அட்டவணையை நிரலில் குறிக்கும் தரவுத்தள மாடலையே ஏபிஐயின் வரையறையாகக் கொண்டதால் வேகம் கிடைத்தது. இரண்டையும் மறுபடி பிரித்த பிறகே பாதுகாப்பு கிடைத்தது என்பது இதன் வாதம்.

இரு வேர்கள்

ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் தொடர்புசார் தரவு மாதிரியை முன்வைத்தார். தகவலை வரிசைகளும் நெடுவரிசைகளுமாக அடுக்கும் முறை அதிலிருந்து வேரூன்றியது. 2000இல் ராய் ஃபீல்டிங், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் என்னும் கட்டமைப்பு முறையை விவரித்தார். ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு முகவரி, எல்லா வளங்களையும் ஒரே விதமாகக் கையாளும் இடைமுகம் என்பது அதன் சாரம்.

சேர், படி, மாற்று, நீக்கு என்ற தரவுத்தளச் செயல்களை போஸ்ட், கெட், புட், டெலீட் என்ற எச்டிடிபி வினைகளோடு நேருக்கு நேர் பொருத்தியது ஃபீல்டிங் அல்ல, பின்வந்த நிரலாளர்களே. அந்தப் பொருத்தம் கைகூடியதும், அட்டவணையைப் பார்த்தே ஏபிஐயை ஊகிக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது.

ரெயில்ஸும் ஜாங்கோவும்

2004இல் டேவிட் ஹைனமேயர் ஹான்சன் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ், அட்டவணையின் நெடுவரிசைகளைத் தானே படித்து மாடலுக்குப் பண்புகளை அளித்தது. அதன் ஸ்காஃபோல்டு கட்டளை நிரல் கோப்புகளையே எழுதித் தந்தது. 2007 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் அக்கோப்புகள் ரெஸ்ட் முறையில் அமைந்தன.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு நாளிதழில் உருவாகி 2005இல் பொதுவெளிக்கு வந்த ஜாங்கோ, எதிர்த்திசையில் சென்றது. அதில் பைதான் கிளாஸாக எழுதும் மாடலே மூலம். அட்டவணை அதிலிருந்து பிறக்கும். செய்தியறை ஊழியர்கள் தரவை உள்ளிடும் நிர்வாகப் பக்கத்தையும், மாடலை ஓட்டநேரத்தில் ஆராய்ந்து ஜாங்கோவே உருவாக்கியது. மாடலிலிருந்து படிவம் வருமானால் ஏபிஐயும் வரலாம் என்பதற்கு இதுவே முன்னோடி.

2009இல் பிஸ்டன், அடுத்து டேஸ்டிபை என நிரல் நூலகங்கள் இவ்வழியில் வந்தன. டாம் கிறிஸ்டி 2011இல் தொடங்கிய ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் அவற்றை முந்தியது. அதன் மாடல்சீரியலைசர், புலங்களைப் பார்த்து ஜேசன் வடிவத்தையும் சரிபார்ப்பு விதிகளையும் அமைக்கிறது. 2013இல் 2.3 பதிப்பில் சேர்ந்த மாடல்வியூசெட், பட்டியலிடுதல், உருவாக்குதல், எடுத்தல், முழுதாகத் திருத்தல், பகுதி திருத்தல், நீக்கல் ஆகிய 6 செயல்களைத் தருகிறது. ரூட்டர் அவற்றுக்கு முகவரி அமைக்கிறது.

வேகத்தின் விலை

நூலகம் ஒன்றின் உறுப்பினர் மாடலில் பெயர், கைப்பேசி எண், அபராத நிலுவை ஆகிய புலங்கள் இருப்பதாகக் கொள்வோம். சீரியலைசரில் ‘எல்லாப் புலங்களும்’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் பகுதி திருத்தல் கோரிக்கையில் நிலுவை 0 என அனுப்பும் உறுப்பினரின் அபராதம் மறைந்துவிடும். ஆறு மாதம் கழித்து மாடலில் ‘அலுவலகக் குறிப்பு’ என்றொரு புலத்தைச் சேர்த்தால், ஏபிஐ நிரலை யாரும் தொடாமலே அக்குறிப்பும் வெளியே போகும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. வரும் மதிப்புகளை மாடலில் மொத்தமாக ஏற்றும் ரெயில்ஸ் பழக்கத்தைப் பயன்படுத்தி, 2012 மார்ச்சில் ஒருவர் கிட்ஹப்பில் ரெயில்ஸ் திட்டக் கணக்கோடு தம் பொதுச் சாவியைச் சேர்த்துக் காட்டினார். 2013இல் வந்த ரெயில்ஸ் 4, அனுமதித்த புலங்களைப் பெயர் சொல்லிக் குறிக்கும் முறையை இயல்பாக்கியது. ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கும் 2015இன் 3.3 பதிப்பில், புலங்களைச் சேர்ப்பதையோ விலக்குவதையோ வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்றது. ஓவாஸ்ப் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஏபிஐ பாதுகாப்புப் பட்டியலில் மிகைத் தரவு வெளிப்பாடும் மொத்த ஏற்றமும் தனித்தனியே இடம்பெற்றன. 2023 பட்டியல் இரண்டையும் ஒரே தலைப்பில் சேர்த்தது.

செயல்திறனும் அடிவாங்கும். 100 நூல்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் பெயரைக் காட்டினால், கவனிக்காத நிரல் 101 வினவல்களை அனுப்பும். ஜாங்கோவின் செலக்ட் ரிலேட்டட் என்ற ஒரு சொல் அவற்றை ஒன்றாகச் சுருக்கும்.

பிந்தைய திசைகள்

2014இல் தோன்றிய போஸ்ட்ஜிரெஸ்ட், ஃபிரேம்வொர்க்கையே விலக்கி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கட்டமைப்பிலிருந்து நேரே ஏபிஐ தருகிறது. அனுமதியையும் தரவுத்தளத்திடமே விடுகிறது. 2018இல் வந்த ஃபாஸ்ட்ஏபிஐ நேரெதிர். ஏபிஐயின் உள்ளீடும் வெளியீடும் தரவுத்தள மாடலிலிருந்து விலகி, தனி வகைக் குறிப்புகளாக அங்கே எழுதப்படுகின்றன.

முடிவுரை

நெடுவரிசைகள், வகைகள், முகவரிகள் ஆகியவற்றை ஊகிக்கும் வேலை கருவிக்கு உரியது என்பதை இவ்வரலாறு உறுதிசெய்கிறது. எந்தப் புலத்தை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்பது மாடலில் எழுதப்படாத செய்தி. அதைக் கருவி ஊகிக்க முடியாது. ஆகவே ஏபிஐயை நிமிடங்களில் உருவாக்குங்கள். புலங்களின் பட்டியலை மட்டும் ஒவ்வொன்றாக உங்கள் கையால் எழுதுங்கள்.