ஜூரோங்கும் ஜப்பானிய மோட்டார் வண்டியும்

மன்னர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் மட்டுமே சரித்திரம் என்று கொள்வது பழைய வழக்கம். ஓர் ஊரில் மக்கள் எந்த வண்டியில் ஏறினார்கள், அதைச் செய்தவர் யார், விலைகொடுத்து வாங்க முடிந்தவர் யார், வீதியோரம் நின்று பார்க்க மட்டும் வாய்த்தவர் யார் என்பனவும் சரித்திரமே. சிங்கப்பூரின் மேற்குப் பகுதியாகிய ஜூரோங்கின் வரலாற்றை இவ்வகையில் நோக்கினால், அது ஜப்பானிய மோட்டார் வண்டியின் வரலாற்றோடும், பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களின் வரலாற்றோடும் பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

பால்மரமும் சக்கரமும்

இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877ஆம் ஆண்டு 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அதே 1888இல்தான் டன்லப் என்பார் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தை உருவாக்கினார். இவ்விரண்டும் கூடியதால் மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்குப் பால் வெட்டத் தமிழகத்திலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். ஜூரோங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. அங்கு நிலம் வைத்திருந்த சீனத் தோட்டக்காரர் சியூ பூன் லேயின் பெயர் இன்றும் ‘பூன் லே’ என்று வழங்குகிறது. உலகில் எங்கோ ஓடிய மோட்டார் வண்டிக்காகத் தமிழன் விடியுமுன் பால் வெட்டினான். அவ்வண்டியில் ஏறும் வாய்ப்பு அவனுக்கு இருந்ததில்லை.

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் வண்டி 1896இல் வந்தது. அது ஜெர்மானிய பென்ஸ் வண்டி. பக்லி என்ற ஆங்கிலேயருடையது. அதன் ஓசையைக் கேட்டவர்கள் அதைக் ‘காப்பி இயந்திரம்’ என்று கேலி செய்தனர். சில ஆண்டுகளுக்குப் பின், அவ்வூரின் முதற் பெண் ஓட்டுநர் எனப் புகழ்பெற்ற டேர் என்னும் ஆங்கில மாது, எஸ்-1 என்ற எண்ணுள்ள தம் வண்டிக்கு ‘இச்சிபான்’ என்று பெயர் சூட்டினார். அது ஜப்பானியச் சொல். ‘முதலாவது’ என்பது அதன் பொருள். அந்த வண்டி ஆங்கில நாட்டில் செய்தது. ஜப்பானிய வண்டி எதுவும் அக்காலத்தில் சிங்கப்பூர் வீதிகளில் கிடையாது. வேலையின் பொருட்டு அயல்நாட்டில் வாழ்ந்தவர் மோட்டார் மீது காதல் கொள்ளும் கதை சிங்கப்பூரில் அவ்வளவு பழையது.

போரின் சுவடு

அப்பெயரைத் தந்த நாடு ஆயுதத்தோடு வந்தது. புக்கிட் தீமாவில் 1941 அக்டோபரில் திறக்கப்பட்ட ஃபோர்டு தொழிற்சாலையில், 1942 பிப்ரவரி 15ஆம் நாள் ஆங்கிலேயப் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. பின்னர் அதே கட்டடத்தில் நிசான் நிறுவனம் ஜப்பானியப் படைக்கு லாரிகளைப் பூட்டிற்று. இத்தீவு கண்ட முதல் ஜப்பானிய மோட்டார்த் தொழில் அவ்வாறு போர்த் தொழிலாகவே அமைந்தது. அவ்வாண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும் தொகையினர் திரும்பவில்லை. ஜப்பான் என்ற சொல் தோட்ட லயங்களில் நெடுங்காலம் அச்சத்தோடும் கண்ணீரோடும் உச்சரிக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே.

சதுப்பில் எழுந்த நகரம்

1960இல் ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் வந்த வின்செமியஸ் குழு, தொழில்வளம் இன்றேல் சிங்கப்பூருக்கு வேலையில்லாத் திண்டாட்டமே கதி என்று கண்டது. 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ ஜூரோங்கின் சதுப்பையும் குன்றுகளையும் சமப்படுத்தித் தொழிற்பேட்டை அமைக்கத் துணிந்தார். அது தோற்றால் ‘கோவின் மடமை’ என்றே உலகம் பேசும் என்பதை அவரே அறிந்திருந்தார்.

அப்பேட்டைக்கு முதலில் வந்தவர்களுள் ஜப்பானியரும் இருந்தனர். 1963இல் இஷிகவாஜிமா ஹாரிமா நிறுவனத்தின் கூட்டோடு ஜூரோங் கப்பல் பட்டறை தோன்றியது. 1965இல் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் அங்கே டயர் செய்யத் தொடங்கியது. ‘இஷி’ என்றால் கல், ‘பஷி’ என்றால் பாலம். இஷிபஷி என்ற தம் பெயரையே ஆங்கிலத்தில் மாற்றி நிறுவனத்துக்கு இட்டவர் அதன் நிறுவனர். ரப்பர்ப் பால் சுரந்த மண்ணிலேயே ரப்பர்ச் சக்கரம் உருண்டது. இத்தொழில்களோடு ஜப்பானியப் பொறியாளரும் மேற்பார்வையாளரும் வந்து குடியேறினர். 1973இல் ஜூரோங்கில் ஒரு ஜப்பானியத் தோட்டமும் எழுந்தது.

இது மனவருத்தமின்றி நடந்ததென்று எண்ணலாகாது. போரில் கொல்லப்பட்டோரின் எலும்புகள் 1962இல் தோண்டியெடுக்கப்பட்டபோது மக்களின் பழைய புண் திறந்தது. 1966இல் ஜப்பான், பாதி நன்கொடையாகவும் பாதி கடனாகவும் 5 கோடி வெள்ளி தர இசைந்தது. ஒரு கை இழப்பீடு கேட்டது. மறு கை தொழிற்சாலைக்குக் கதவு திறந்தது. வயிற்றுப் பசியுள்ள நாட்டுக்கு இரண்டும் தேவையாயிருந்தன.

வேகம் என்னும் கலை

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், குறைந்த எரிபொருளில் ஓடும் ஜப்பானிய வண்டிகளுக்கு உலகெங்கும் மதிப்பு உயர்ந்தது. சிங்கப்பூரைப் போலவே ஜப்பானும் சாலையின் இடப்புறம் ஓட்டும் நாடாதலால், அங்கே செய்த வண்டிகள் மாற்றமின்றி இங்கே பொருந்தின.

சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற ஜப்பானியர் வேகத்திலும் முனைந்தனர். 1964இல் சுசுகா பந்தயத்தில் பிரின்ஸ் நிறுவனத்தின் ஸ்கைலைன் வண்டி ஒரு சுற்று ஜெர்மானிய போர்ஷே வண்டியை முந்திச் சென்றது. இறுதியில் தோற்றபோதும் அந்த ஒரு சுற்று அந்நாட்டு இளைஞர் நெஞ்சில் நின்றது. 1966இல் பிரின்ஸ் நிசானோடு இணைந்தது. 1969இல் ஸ்கைலைன் ஜிடி-ஆர் பிறந்தது. 1989இல் வந்த அதன் புதிய வடிவம் 2.6 லிட்டர் இயந்திரத்தில் இரு டர்போக்களைக் கொண்டது. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் காற்றை நெருக்கி இயந்திரத்துக்குள் புகுத்துவதே டர்போவின் தத்துவம். வீணாகும் ஒன்றைக் கொண்டு வலிமை பெறும் இந்த உத்தி, வளங்குறைந்த ஜப்பானின் மனப்போக்குக்கே சான்று எனலாம். 1990 முதல் 1993 வரை ஜப்பானில் அவ்வண்டி கலந்துகொண்ட 29 தேசியப் பந்தயங்களிலும் வென்றது. சாலை விபத்து மரணங்கள் பெருகவே, எந்த வண்டிக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரப்படுத்துவதில்லை என்று 1989இல் ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் இசைந்தன. அது 2004 வரை நீடித்தது.

தமிழரின் பங்கு

இந்த மோகம் தமிழருக்குப் புதிதன்று. சென்னையை அடுத்த சோழவரம் விமானத் திடலில் பல பத்தாண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதை அமைந்தது. 1983இல் சுசுகியின் கூட்டோடு மாருதி வண்டி வெளிவந்தபின் ஜப்பானிய இயந்திரம் இந்தியக் குடும்பங்களுக்குப் பழக்கமாயிற்று. 1998இல் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் செய்யப்பட்டது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவர் ஓட்டிய வண்டியின் இயந்திரம் டொயோட்டாவுடையது. பின்னர் 2014 முதல் அவர் ஜப்பானிலேயே பந்தய ஓட்டுநராகப் பல ஆண்டுகள் உழைத்தார். தோட்டத்துக்குப் போன தமிழன் ஜப்பானியரின் கொடுமையில் மடிந்த நூற்றாண்டுக்குள்ளேயே, ஒரு தமிழன் ஜப்பானிய வண்டியோட்டிக் கூலி பெறும் காலம் பிறந்தது.

ஜூரோங்கின் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் இன்று தமிழகத்திலிருந்து வந்த பொறியாளரும் வெல்டரும் ஃபிட்டரும் உழைக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலையில் கூடும் அவர்களுள், அண்மையில் சென்ற வண்டியின் ஓசையைக் கொண்டே அதன் பெயரைச் சொல்லவல்ல இளைஞர் இல்லாமலா போவார்?

சீட்டின் விலை

ஆனால் சிங்கப்பூர் சிறு தீவு. கிழக்கிலிருந்து மேற்குவரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். விரைவுச்சாலையின் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். நெரிசலைக் கட்டுப்படுத்த 1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. பத்தாண்டு உரிமைக்கான இச்சான்றிதழ் ஏலத்தில் கிடைப்பது. பெரிய கார்களுக்கான அதன் விலை 2023 அக்டோபரில் 1,50,000 வெள்ளியைத் தாண்டியது. அது வண்டியின் விலையன்று, வைத்திருக்கும் உரிமையின் விலை மட்டுமே. ஆகவே வேகவண்டியை நேசிப்பவர்களுள் வசதியுள்ளோர் பாலம் கடந்து மலேசியாவின் செபாங் பாதைக்குச் செல்கின்றனர். வசதியற்றோர் பார்த்து மகிழ்கின்றனர். ஒப்பந்தத் தொழிலாளர் பலரோ லாரியின் பின்தட்டில் அமர்ந்து வேலைக்குச் செல்கின்றனர். அவ்வழக்கம் பாதுகாப்பானதா என்பது நாடாளுமன்றத்திலும் விவாதிக்கப்பட்டது.

ஜூரோங்கின் பிரிட்ஜ்ஸ்டோன் ஆலையும் புக்கிட் தீமா ஃபோர்டு ஆலையும் 1980இல் மூடப்பட்டன. 2023இல் ஜூரோங்கில் மீண்டும் மோட்டார் தயாரிப்பு தொடங்கியது. இம்முறை வந்தது கொரிய ஹியுண்டாய், வண்டியோ மின்சாரத்தால் ஓடுவது. டர்போவின் முழக்கம் அதில் இராது.

நாடுகள் பகையை மறந்தன, தொழில்கள் வந்து போயின, இயந்திரங்கள் மாறின. மாறாதது ஒன்று: பால் வெட்டியவனும் கப்பல் பட்டறையில் இரும்பு இணைப்பவனும் பிறர் பயணத்துக்கான பொருளையே ஆக்கித் தருகிறார்கள். வண்டியின் அழகை வியக்கும்போது அந்தக் கைகளையும் நினைப்பதே சரித்திரம் கற்பதன் பயன்.